காரணங்கள் பிறகு எழுதப்பட்டன

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உன் அப்பா நடுவில் புகுந்து, பயிற்சி முடிந்ததும் எந்த மாவட்டம் போடுவார்கள், குவார்ட்டர்ஸ் கிடைக்குமா என்று பேச்சைத் திருப்பிவிட்டான். நீ கேட்டது இது: "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தானே அத்தை அதெல்லாம் நடக்கும்? கோர்ட்டு இருக்கு, பத்திரிகை இருக்கு, எலெக்‌ஷன் இருக்கு. இதையெல்லாம் தாண்டி ஒரு அரசாங்கம் லட்சம் பேரைப் பிடிச்சு அடைச்சிட முடியுமா?"

முடியும். அந்த மூன்றையும் ஒரு நாள்கூட மூடாமலே முடியும். துணை ஆட்சியராகப் போகிறவள் நீ. நாளைக்கு இப்படிப்பட்ட காரியம் எங்காவது நடந்தால் அதன் காகிதம் உன் மேசை வழியாகத்தான் போகும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு தேடித் தேடிப் படித்த விவகாரம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரைக் கிளப்பிக்கொண்டுபோய் முள்வேலிக்குள் வைத்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்த மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். நாடாளுமன்றம் கூடிக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கு கேட்டுக்கொண்டிருந்தது. அதிபர் ரூஸ்வெல்ட், நம் ஊரில்கூட நல்ல பெயர் உள்ளவர்.

இது ஒரே ராத்திரியில் முளைத்ததில்லை. கலிஃபோர்னியா 1913லேயே ஒரு நிலச் சட்டம் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. யாருக்குத் தகுதியில்லை? ஆசியாவிலிருந்து வந்தவர்களுக்கு. 1922இல் ஒசாவா வழக்கில் ஜப்பானியர் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷமே பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்கும் அதே பதில். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் அவர். ஆக, ஒரு தலைமுறைக்குக் குடியுரிமை கேட்டும் கொடுக்கவில்லை. 1941இல் அதே ஆட்களைப் பார்த்து, "நீங்கள் எதிரி நாட்டுக் குடிமக்கள்" என்றார்கள். நிலத்தைத் தங்கள் பிள்ளைகள் பெயரில் வாங்கிப் போட்டு ஸ்ட்ராபெரியும் காய்கறியும் பயிரிட்டவர்கள் அவர்கள். அந்தச் சாகுபடியின் மேல் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குக் கண் இருந்தது.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. கோபமும் பயமும் நியாயமானவை. ஆனால் அரசாங்கத்தின் கையில் அப்போது என்ன தகவல் இருந்தது என்று பார். அதிபருக்காக ரகசியமாக விசாரித்த மன்சன் என்ற வணிகர், கடற்கரை ஜப்பானியரால் ஆபத்தில்லை என்று தாக்குதலுக்கு முன்பே அறிக்கை கொடுத்துவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸில் கடற்படை உளவுப் பிரிவின் அதிகாரி கென்னத் ரிங்கிள் அதற்கும் மேலே போனார். ஜப்பானியத் தூதரக அலுவலகத்துக்குள்ளேயே ரகசியமாகப் புகுந்து காகிதங்களைப் பார்த்தவர். 1942 ஜனவரியில் அவர் எழுதிய அறிக்கையின் சாரம்: ஆபத்தானவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்கள் யாரென்று பெரும்பாலும் தெரியும், ஆள் ஆளாக விசாரித்தால் போதும், இனத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் மென்மையான மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவரே, இந்தக் கூச்சல் உண்மைத் தகவலிலிருந்து வரவில்லை, அரசியல் நெருக்கடியிலிருந்து வருகிறது என்று எழுதினார்.

கோப்பு சுத்தமாகத்தான் இருந்தது, கயல். தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னால் யாராவது சொன்னால் நம்பாதே.

பிறகு எப்படி நடந்தது? மேற்குக் கடற்கரையின் தளபதி டிவிட் கேட்டார். சாலினாஸ் காய்கறி விவசாயிகள் சங்கம் கேட்டது. சுயநலத்துக்காகத்தான் கேட்கிறோம் என்று அதன் பிரதிநிதி ஒரு பத்திரிகையிடம் ஒளிக்காமலே ஒப்புக்கொண்டார். நாட்டிலேயே மதிப்புமிக்க பத்திரிகையாளர்களில் ஒருவரான வால்டர் லிப்மன், கடற்கரையில் எந்த நேரமும் நாசவேலை நடக்கலாம் என்று பத்தி எழுதினார். கலிஃபோர்னியாவின் தலைமை அரசு வழக்கறிஞர் ஏர்ல் வாரன் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, ஜப்பானியர் நிலமெல்லாம் ராணுவத் தளங்களுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள் என்றார். அந்த நிலங்களில் பலவற்றை அவர்கள் தளம் வருவதற்கு முன்பே உழுதுகொண்டிருந்தார்கள். பிற்காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்ட 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் இவரேதான். நல்லவர் கெட்டவர் என்று ஆளைப் பிரித்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. நாசவேலை எதுவும் நடக்கவில்லை. பிப்ரவரி 14 அன்று டிவிட் மேலிடத்துக்கு எழுதிய பரிந்துரை அதற்கும் வழி கண்டுபிடித்தது. இதுவரை எதுவும் நடக்காததே இனி நடக்கப்போவதற்கு உறுதியான அறிகுறி என்றது. குற்றம் செய்தால் சாட்சி, செய்யாவிட்டாலும் சாட்சி. இந்த மாதிரி வாதம் உன் மேசைக்கு எந்த வடிவில் வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு இரண்டாம் முறை படி. அதற்கு எதிராக யாராலும் எந்த ஆதாரமும் காட்ட முடியாது. அதற்காகவே அது எழுதப்படுகிறது.

பிப்ரவரி 17 இரவு. நீதித் துறையின் தலைவர் பிடில் வீட்டுக் கூடத்தில் கூட்டம். அவருடைய அதிகாரிகள் ஜேம்ஸ் ரோவும் எட்வர்ட் எனிஸும் இந்த வெளியேற்றத்துக்கு எதிராக வாரக்கணக்காக வாதாடியவர்கள். அன்றும் வாதாட ஆரம்பித்தார்கள். ராணுவத் தரப்பிலிருந்து வந்த ஜெனரல் கல்லியன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். அதிபர் கையெழுத்துப் போடவேண்டிய உத்தரவின் வரைவு. விஷயம் மேலே முடிந்துவிட்டது; பிடில் தன் ஆட்களிடம் சொல்லாமலே இறங்கிப்போயிருந்தார். கோபத்தில் தனக்குப் பேச்சே வரவில்லை என்றும், எனிஸ் அழாத குறை என்றும் ரோ பின்னால் சொல்லியிருக்கிறார். இந்த எனிஸை நினைவில் வைத்துக்கொள்.

இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று, 9066 என்ற எண்ணுள்ள உத்தரவு வந்தது. அதை நீ ஒருமுறை முழுக்கப் படிக்கவேண்டும். ஜப்பானியர் என்ற பெயரே அதில் கிடையாது. முகாம் கிடையாது. ராணுவத் தளபதி சில பகுதிகளைக் குறிக்கலாம், அங்கிருந்து எவரையும் விலக்கலாம், அவ்வளவுதான். எதையும் செய்ய இடம் தரும், யாரையும் குறை சொல்ல இடம் தராத வாசகம். மார்ச் மாதம் நாடாளுமன்றம் அதை மீறினால் தண்டனை என்று சட்டம் போட்டது. செனட்டர் டாஃப்ட் எழுந்து, இவ்வளவு அரைகுறையாக எழுதிய குற்றவியல் சட்டத்தை நான் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி பேசினார். பேசிவிட்டு உட்கார்ந்துகொண்டார். எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை.

ஆட்களைக் கண்டுபிடிக்க வீடு வீடாக அலையவேண்டி இருக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, தாக்குதல் நடந்த இரண்டே நாளில் ஜப்பானிய மக்கள்தொகை பற்றிய முதல் அட்டவணையை வெளியிட்டுவிட்டது. அப்புறம் தெருத்தெருவாக எண்ணிக்கை கொடுத்தது. "நாங்கள் பெயர் எதுவும் கொடுக்கவில்லை" என்றுதான் அந்தத் துறை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் இத்தனை பேர் என்று தெரிந்தபின் பெயர் எதற்கு? 1943இல் வாஷிங்டன் நகரத்துக்காரர்களின் பெயர், முகவரியும்கூடக் கொடுக்கப்பட்டதை 2007இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆவணத்தோடு காட்டினார்கள்.

தந்திக் கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சியாட்டிலுக்கு எதிரே பெயின்பிரிட்ஜ் தீவில் முதல் நோட்டீஸ், மார்ச் 24. ஆறு நாளில் காலி செய்யவேண்டும். படுக்கை, துணி, தட்டு, கரண்டி, கையால் தூக்க முடிந்தது மட்டும். நாய், பூனை கூடாது. குடும்பத்துக்கு ஒரு எண். குழந்தையின் கோட்டில்கூட அந்த எண் எழுதிய அட்டை. இப்படி 108 நோட்டீஸ்கள். முகாம்கள் தயாராகும்வரை சான்டா அனிட்டா, டான்ஃபொரான் குதிரைப் பந்தய மைதானங்களில் வைத்தார்கள். பலருக்குக் குதிரை லாயம்தான் அறை. சாணியோடும் வைக்கோலோடும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெயில் ஏறினால் நாற்றம் கிளம்பும். பேரம் பேச நேரமில்லாமல் டிராக்டரையும் ஐஸ் பெட்டியையும் பியானோவையும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அங்கே படுத்தார்கள்.

இப்போது ஹவாயைப் பார். குண்டு விழுந்த இடம் அது. அங்கே ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளி, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். உண்மையிலேயே ஆபத்தென்றால் முதலில் அங்கேதான் அடைத்திருக்கவேண்டும். அங்கே அடைபட்டவர்கள் நூற்றில் ஒருவர், இருவர். அவர்களை அடைத்தால் கரும்புத் தோட்டமும் துறைமுகமும் தச்சு வேலையும் நின்றுபோகும். தளபதி எம்மன்ஸ் மேலிடத்து உத்தரவுகளுக்குக் காரணம் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். ராணுவச் சட்டம் அங்கேயும் கடுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மொத்தமாக வாரிக்கொண்டு போகவில்லை. பாதுகாப்புதான் காரணம் என்று எவர் சொன்னாலும் நான் ஹவாயைத்தான் கேட்பேன்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

1943இல், ராணுவ உத்தரவை மீறிய கார்டன் ஹிராபயாஷி என்ற மாணவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அரசு தரப்பின் முக்கிய வாதம், நேரமில்லை என்பது. விசுவாசி யார், துரோகி யார் என்று ஒவ்வொருவராக விசாரிக்கப் போர் அவகாசம் தரவில்லை, அதனால் எல்லோரையும் அகற்றினோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதே சமயம் தளபதி டிவிட் தன் இறுதி அறிக்கையை அச்சடித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார். அதில் அவர் வெள்ளந்தியாக உண்மையை எழுதிவிட்டார்: நேரம் ஒரு பிரச்சினையே இல்லை, இந்த இனத்தில் நல்லவனையும் கெட்டவனையும் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் பிரிக்க முடியாது. போர்த் துறையின் துணைச் செயலர் மெக்லாய் பதறிப்போனார். அறிக்கையைத் திருப்பி வாங்கினார்கள். அந்தப் பகுதியை மாற்றி, போதிய நேரம் இல்லை என்று எழுதினார்கள். பழைய பிரதிகளையும் அச்சுப் படிகளையும் குறிப்புகளையும் எரித்தார்கள். எரித்ததற்கு ஒரு கீழ்நிலை ராணுவ அலுவலர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைக் கோப்பில் சேர்த்தார்.

அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த நாட்டு அலுவலகமானாலும் காகிதத்தை ஒழித்ததற்கும் ஒரு காகிதம் இருந்தாகவேண்டும் போலிருக்கிறது.

எனிஸுக்கு அப்போது ரிங்கிள் அறிக்கை கிடைத்தது. அரசு வழக்கை நடத்திய சொலிசிட்டர் ஜெனரல் சார்ல்ஸ் ஃபாஹிக்கு அவர் எழுதினார்: கடற்படை உளவுத் துறையே ஆள் ஆளாக விசாரித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறது, இதை நீதிமன்றத்திடம் சொல்லாவிட்டால் சாட்சியத்தை மறைத்ததற்கு ஒப்பாகும். ஃபாஹி சொல்லவில்லை. ஹிராபயாஷி தோற்றார், நீதிபதிகள் ஒருமனதாக. மறு வருஷம், வெளியேறும் உத்தரவை மீறிய ஃப்ரெட் கோரமாட்சுவின் வழக்கு. கரையிலிருந்து ஜப்பானியக் கப்பல்களுக்கு ரேடியோவில் சமிக்ஞை அனுப்பப்பட்டதாக டிவிட் அறிக்கை சொன்னது. எஃப்.பி.ஐ.யும் ரேடியோவைக் கண்காணிக்கும் ஆணையமும் அது பொய் என்று எழுத்தில் கொடுத்திருந்தன. எனிஸோடு வேலை பார்த்த ஜான் பர்லிங் மனுவில் ஒரு அடிக்குறிப்பைச் சேர்த்தார்: இந்த அறிக்கையின் சில தகவல்கள் எங்களிடம் உள்ள தகவல்களுக்கு முரணானவை. மனு அச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்த் துறை நிறுத்தச் சொன்னது. அடிக்குறிப்பைத் தேய்த்துத் தேய்த்து, படிக்கிற எவருக்கும் ஒன்றும் புரியாத ஒரு வாக்கியமாக்கினார்கள். எனிஸும் பர்லிங்கும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

1944 டிசம்பர் 18. ஆறுக்கு மூன்று என்று கோரமாட்சு தோற்றார். மாறுபட்ட மூவரில் ஒருவரான ஜாக்சன், இந்தத் தீர்ப்பு குண்டு போட்ட துப்பாக்கி மாதிரி கிடக்கும், அவசரம் என்று சொல்லிக்கொண்டு வருகிற எவன் கையும் அதை எடுக்கலாம் என்று எச்சரித்தார்.

அதே நாளில் மிட்சுயே எண்டோ என்ற பெண்ணுக்கு ஒருமனதாக வெற்றி. அவளும் நம்மைப்போல அரசு ஊழியர், கயல். கலிஃபோர்னியா மாநில அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அண்ணன் தம்பியில் ஒருவன் அமெரிக்க ராணுவத்தில். 1942 ஜூலையில் அவள் பெயரில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். கடற்கரைக்குத் திரும்பமாட்டேன் என்று சொன்னால் உன்னை விடுகிறோம் என்று அரசு ஆசை காட்டியது. அவள் வெளியே போய்விட்டால் வழக்கு செத்துவிடும். மாட்டேன் என்று உள்ளேயே இருந்தாள், இரண்டு வருஷத்துக்கும் மேலாக. விசுவாசமுள்ள குடிமகளை அடைத்துவைக்க அதிகாரமில்லை என்று தீர்ப்பு வந்தது. வருவதற்கு முந்தின நாளே அரசு, கடற்கரைத் தடையை நீக்குகிறோம் என்று அறிவித்துவிட்டது. அந்த முடிவை வசந்த காலத்திலேயே எடுத்திருக்கலாம். நவம்பரில் அதிபர் தேர்தல் இருந்தது, அதனால் இழுத்தார்கள். எலெக்‌ஷன் இருக்கே என்று சொன்னாயே, அதற்காக இதைச் சொன்னேன்.

எரித்ததில் ஒன்று தப்பியது. ஐக்கோ ஹெர்ஸிக்-யோஷினாகா பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும்போது பிடிக்கப்பட்டு மன்சனார் முகாமுக்குப் போனவர். பிள்ளை பெற்றதும் அங்கேதான். நாற்பது வருஷம் கழித்து, 1982இல், தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொண்டிருந்தவர், ஒரு ஊழியரின் மேசையில் கிடந்த கட்டை எடுத்துப் பார்த்தார். ஓரமெல்லாம் திருத்தம் எழுதிய பழைய அறிக்கையின் பிரதி. வழக்கறிஞர் பீட்டர் அயன்ஸ், எனிஸும் பர்லிங்கும் எழுதிய குறிப்புகளைக் கண்டெடுத்தார். 1983இல் நீதிபதி மேரிலின் ஹால் படேல் கோரமாட்சுவின் தண்டனையை ரத்து செய்தார். 1988இல் மன்னிப்பும், உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலரும். 2018இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கோரமாட்சு தீர்ப்பு அன்றைக்கே தவறு என்றது. அதே தீர்ப்பில்தான் சில முஸ்லிம் நாட்டவர் மீதான பயணத் தடை செல்லும் என்றும் சொன்னது.

நம் பக்கம் சுத்தம் என்று நினைத்துவிடாதே. 1962 சீனப் போரின்போது நேருவின் இந்தியா, அசாமிலும் வட வங்கத்திலும் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ரயிலில் ஏற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் வைத்தது. தேயிலைத் தோட்டத்துத் தச்சர்கள், சலவைக்காரர்கள், செருப்புக் கடைக்காரர்கள். பலரை 1963இல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதில் எத்தனையோ பேர் சீனாவைப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் உனக்கு இதைச் சொன்னார்களா? நெருக்கடி நிலை உனக்குத் தெரியும். 1975 ஜூன் முதல் ஒரு லட்சம் பேருக்கு மேல் விசாரணையில்லாமல் உள்ளே. மிசா சட்டப்படி உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்கள். டெல்லியில் ஆளைப் பிடித்த பிறகுதான் பிடித்ததற்கான காரணங்கள் தயாராயின என்பதை, பின்னால் விசாரித்த ஷா கமிஷன் பதிவுசெய்தது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், இவர்கள் நீதிமன்றம் வரலாம் என்றன. உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று கதவைச் சாத்தியது. அந்த ஒருவர், எச்.ஆர்.கன்னா, தலைமை நீதிபதி ஆகவில்லை.

இங்கேயும் அங்கேயும் வரிசை ஒன்றுதான். முதலில் ஆளைப் பிடிக்கிறார்கள். காரணம் பிறகு எழுதப்படுகிறது. அதை எழுதுவது மந்திரி இல்லை, தளபதி இல்லை. வரைவு எழுதத் தெரிந்த, ஆங்கிலமும் தமிழும் பிழையில்லாமல் வரும், வேலையில் சுறுசுறுப்பான ஒரு அதிகாரியைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார்கள். உன்னை மாதிரி ஒருத்தியை.

உனக்கு இது நாளைக்கே வரக்கூடிய வேலை. கலெக்டரின் நேர்முக உதவியாளராகப் போட்டால், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், நாம் குண்டர் சட்டம் என்கிறோமே, அந்தக் கட்டுகள் உன் கண்ணில் படும். விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். இந்தியாவில் தடுப்புக் காவலை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் நம்முடையது முன்வரிசை. அடைக்கப்படுகிறவர்களில் உண்மையான ரவுடிகளும் உண்டு, நான் மறுக்கவில்லை. போலீஸ் கொண்டுவருகிற கட்டு தடிமனாக இருக்கும், கையெழுத்துக்கு அவசரப்படுத்துவார்கள். தேதிகளை ஒப்பிட்டுப் பார். நாலு பேரின் உத்தரவில் பெயரும் குற்ற எண்ணும் தவிர மற்ற வரிகள் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தால், அந்த நாலு பேரைப் பற்றி யாரும் தனித்தனியாக யோசிக்கவில்லை என்று அர்த்தம். அதைக் குறிப்பில் எழுது. ஊர்வாரியாக இன்ன சமூகத்தார் எத்தனை வீடு, இன்ன மொழி பேசுகிறவர் எத்தனை பேர் என்று வாய்மொழியாகக் கேட்டால், எந்த அரசாணை, எதற்கு என்று எழுத்தில் கேள். கேட்டதற்காக யாரும் உன்னைத் தொங்கவிட மாட்டார்கள். முகம் சுளிப்பார்கள்.

குறிப்பு எழுதினால் போதுமா என்று நீ கேட்பாய். எனிஸைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அவர் குறிப்பு இல்லாவிட்டால் 1983 இல்லை. எண்பதுகளில் அந்த வழக்குகள் மறுபடி எழுந்தபோது வயோதிகராக வந்து சாட்சியும் சொன்னார். ஆனால் பொய் என்று தெரிந்த மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. முகாமில் கிடந்தவனுக்கு நாற்பது வருஷம் கழித்துவரும் நியாயத்தால் என்ன? விலகினால் தன்னைவிட மோசமான ஒருவன் அந்த நாற்காலிக்கு வருவான் என்ற எண்ணம் அங்கே பலரைப் பிடித்து வைத்திருந்தது. நம் அலுவலகங்களில் அந்த வசனத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சிலசமயம் அது உண்மை. பெரும்பாலும் ஓய்வூதியக் கணக்கு.

அரசு வேலையிலிருந்த இன்னொருவரைச் சொல்கிறேன். பாப் ஃப்ளெட்சர், கலிஃபோர்னியாவில் விவசாய ஆய்வாளர். ஃப்ளோரின் என்ற ஊரில் மூன்று ஜப்பானியக் குடும்பங்கள் திராட்சைத் தோட்டத்தை விட்டுப்போக வேண்டி வந்தபோது, வேலையை ராஜினாமா செய்துவிட்டு அந்த மூன்று தோட்டத்தையும் எடுத்துப் பார்த்தார். வரியும் கடன் தவணையும் அவரே கட்டினார். சொந்தக்காரர்களின் வீட்டில் தங்கவில்லை, கூலியாட்கள் படுக்கும் கொட்டகையில் தங்கினார். ஊரார் ஏசினார்கள், ஒருநாள் துப்பாக்கிக் குண்டு ஒன்று தோட்டத்துக் களஞ்சியத்தில் வந்து விழுந்தது. 1945இல் அவர்கள் திரும்பியபோது நிலமும் வீடும் இருந்தன, லாபத்தில் பாதியும் வங்கியில் இருந்தது. மற்றவர்களில் பெரும்பாலானோருக்குத் திரும்பிவர ஒன்றும் மிஞ்சவில்லை. கொலராடோ ஆளுநர் ரால்ஃப் கார், இவர்கள் எங்கள் மாநிலத்துக்கு வரலாம் என்று சொன்னவர். 1942இலேயே செனட் தேர்தலில் தோற்று அரசியல் வாழ்க்கை முடிந்தது. உனக்கு வரக்கூடிய தண்டனை இதைவிடச் சின்னது, ராமநாதபுரத்துக்கோ தர்மபுரிக்கோ ஒரு மாற்றல். இரண்டு ஊரிலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகாதே; அது விதிப்படி தப்பு, ஆபத்தும்கூட. எழுதவேண்டியதை அலுவலகத்திலேயே, தேதி போட்டு, மூன்று வரிக்கு மேல் போகாமல் எழுது. நீளமாக எழுதினால் படிக்கமாட்டார்கள். "பேசிக்கொள்ளலாம்" என்று மேலே எழுதி அனுப்பினால், பேசிய பிறகு பேசியதன் சாரத்தைக் கீழே எழுதி வை. காவலில் இருப்பவரிடமிருந்து மனு வந்தால், வந்த தேதியைத் தபால் பிரிவு போடட்டும் என்று விடாதே, நீயே பார்த்துப் போடு. அந்த மனு நாலு நாள் சும்மா கிடந்ததாலேயே எத்தனையோ உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டிருக்கின்றன. போலீஸ்காரர்கள் அதைத் தொழில்நுட்பக் காரணம் என்று சலித்துக்கொள்வார்கள். ஆளுக்கு அந்த நாலு நாளும் சிறையில்தான் போயிருக்கும்.

மாவட்டம் எது என்று தெரிந்ததும் எழுது. என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பதிவறையில் பழைய கட்டுகள் எங்கே கிடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உன் அப்பாவிடம், குவார்ட்டர்ஸ் பற்றிக் கவலைப்படவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை